இருட்டுக் குழாய்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு நாத்தனார் என்றே பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவில் மட்டும் கிடந்தது. காரணம் எளிது. அவளுக்கு முன்னால் அங்கே ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கிய பெண்தான் அவளுடைய அண்ணி. தங்கை சேர்ந்த முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட வந்த அண்ணன், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சீனியரிடம் வழி கேட்டான். வழி தெரிந்த பிறகும் போகவில்லை. அடுத்த வாரமெல்லாம் தங்கை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக் குடை, பேனா, சாப்பாட்டு டப்பா என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் எதையும் மறக்கவில்லை. அவன்தான் அவள் பையிலிருந்து எடுத்து மறைத்து வைத்தான். அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

மற்ற வீடுகளில் நாத்தனாரும் அண்ணியும் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்றால், இவர்கள் குவார்ட்ஸ் குழாய்களுக்காக முட்டிக்கொண்டார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியை உள்ளே விடாது, குவார்ட்ஸ் விடும். அதனால் அதற்கு மரியாதை அதிகம், விலையும் அதிகம். நாத்தனாருக்குக் கை கொஞ்சம் துடுக்கு. ஒரு குழாய் உடைந்த சத்தம் கேட்டால் அடுத்த அறையில் இருக்கும் அண்ணி, "யாருன்னு கேக்க மாட்டேன், எத்தனைன்னு மட்டும் சொல்லு" என்று குரல் கொடுப்பாள். அவ்வளவுதான் சண்டை. சாயங்காலம் இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போவார்கள்.

அவர்கள் செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சமையல் குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். வெகு தொலைவில் ஒரு கோளைச் சுற்றுகிற நிலா இருக்கிறது. அதன் மேல் நைட்ரஜனும் மீத்தேனும் கலந்த கனத்த காற்று. சூரியனின் புற ஊதா ஒளி பட்டால் அந்த வாயுக்கள் உடையும், உடைந்தவை கண்டபடி ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புத் தூசாகிக் கீழே இறங்கும். அந்தத் தூசை இவர்கள் இங்கே ஓர் எஃகுக் கலத்துக்குள் உண்டாக்குவார்கள். பிறகு அதைத் தண்ணீரில் கரைத்துக் குவார்ட்ஸ் குழாயில் ஊற்றி, புற ஊதா விளக்கைச் சுற்றி வட்டமாக நிறுத்துவார்கள். தண்ணீரில் விழுந்த தூசை வெளிச்சம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. அண்ணி அதற்குப் பதில் கண்டுபிடித்திருந்தாள். வெளிச்சம் பட்ட குழாயில் ஒரு சின்ன அமினோ அமிலம் உண்டாகிறது. உயிருள்ள உடம்பு புரதம் கட்டுவதற்கு எடுத்துக்கொள்கிற செங்கற்களில் ஒன்று அது. செத்த தூசையும் தண்ணீரையும் வைத்து வெளிச்சம் செங்கல் சுட்டுக் கொடுக்கிறது என்று அவள் எழுதிய கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டினார்கள்.

வெளிச்சம்தான் செய்தது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இருட்டுக் குழாய். அதே கரைசல், அதே நாள், அதே கை. ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் குழாயை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி ஒளி படாமல் வைத்துவிடுவார்கள். வெளிச்சக் குழாயில் பொருள் இருந்து, இருட்டுக் குழாயில் இல்லாவிட்டால், செய்தது வெளிச்சம். இந்தத் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். இருட்டுக் குழாயைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அது சும்மா இருந்தாலே அதன் வேலை முடிந்தது.

இங்கேதான் சாப்பாட்டு ராமன் வருகிறான். அவனும் அங்கே ஆராய்ச்சி செய்கிறவன்தான். நல்லவன், கெட்டிக்காரன், பசி மட்டும் தாங்க மாட்டான். நாத்தனார் சேருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், மேசை மேல் அலுமினியத் தாளில் சுருட்டி வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்து, யாரோ சாப்பிட வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றைப் பிரித்துவிட்டான். உள்ளே பழுப்புத் தண்ணீர். அதைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்ததாவது சாப்பாடாக இருக்காதா என்று அதையும் பிரித்தான். அண்ணியின் பல நாள் உழைப்பு ஜன்னல் வெயிலில் போயிற்று. அவள் அன்றைக்கு ஆடின ஆட்டத்தை ஆய்வகம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. மறுநாளிலிருந்து இருட்டுக் குழாய்கள் எல்லாம் கீழ்த் தளத்துக் குளிர் அறைக்குப் போயின. அங்கே பூட்டு உண்டு, சாவி அண்ணியின் இடுப்பில். "டார்க்கைத் தூங்க வெச்சாச்சா?" என்று கேட்பது அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பின்னால் வந்த நாத்தனாரும் அப்படியே கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

குளிர் அறையின் இயந்திரம் பழுதானது அண்ணியின் நேர்முகத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னால். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அண்ணி பட்டம் வாங்கிய பிறகும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில்தான் அங்கே இருந்தாள். புதுப்பிக்கும் மாதம் வந்தால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். இப்போது அந்தத் துறையிலேயே நிரந்தரமாக ஓர் ஆசிரியர் பணியிடம் வந்திருந்தது. அவள் வயதுக்கு இது கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். தேர்வுக் குழுவின் முன் அவள் பேசப்போவது அந்த அமினோ அமிலத்தைப் பற்றி.

குளிர் அறையைப் பழுது பார்க்கிறவர்கள் பிரித்துப் போட்டிருந்தார்கள். இருட்டுக் குழாயை எங்கே வைப்பது? மேசை மேல் வைத்தால் சாப்பாட்டு ராமன். யோசித்துப் பார்த்த நாத்தனார், அதை இரண்டு சுற்று அலுமினியத் தாளில் கட்டி, விளக்குப் பெட்டிக்குள்ளேயே, வெளிச்சக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டாள். தாளைத் தாண்டி ஒளி போகாது. அதை விடப் பாதுகாப்பான இடம் ஊரிலேயே இல்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் கரைசலைப் பிரித்துக் காட்டுகிற இயந்திரத்தில் ஊற்றிப் பார்த்தாள். திரையில் கோடு தரையோடு ஊர்ந்துகொண்டே வரும். பொருள் இருந்தால் அந்த இடத்தில் மேடு எழும். வெளிச்சக் குழாயில் வழக்கமான மேடு எழுந்தது. இருட்டுக் குழாயிலும் எழுந்தது. சின்னதாக இல்லை. வெளிச்சக் குழாயின் மேட்டை விட உயரமாக.

முதலில் அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். குழாயைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டோம், அல்லது இரண்டையும் மாற்றி ஊற்றியிருப்போம். அமிலத்தில் ஊறப் போட்டு, உலையில் சுட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி செய்தாள். மறுபடியும் அதே மேடு. அப்போதுதான் விளக்குப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே கதகதவென்று இருந்தது. விளக்கு எரிந்தால் சூடு வரும், இது குழந்தைக்கும் தெரியும். வெளிச்சக் குழாய்கள் இத்தனை வருடமும் இந்தக் கதகதப்பில் நின்றன. இருட்டுக் குழாய்கள் இத்தனை வருடமும் குளிர் அறையில் விறைத்துக் கிடந்தன. வித்தியாசம் வெளிச்சம் மட்டும் இல்லை. சூடும்தான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பழுப்புத் தூசை வெந்நீரில் போட்டால் அது தானாகவே மெல்ல மெல்ல உடைந்து அந்த அமிலத்தைத் தரும். வெளிச்சமே வேண்டாம். வெளிச்சக் குழாயில் மேடு குறைவாக இருக்கிறது என்றால், வெளிச்சம் உண்டாக்கவில்லை, உண்டானதையும் பாதி உடைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணியின் கட்டுரை தலைகீழ். அதன் மேல் கட்டியிருந்த இவளுடைய ஆய்வும் தலைகீழ். தன்னுடையது போனால் போகிறது, இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை. அண்ணியுடையது அச்சில் இருக்கிறது, அவளுடைய வேலை அதன் மேல் தொங்குகிறது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கேட்கிறவர் நாத்தனாராக இருந்ததில்லை என்று அர்த்தம். ஓர் அண்ணிக்கு நல்ல வேலை கிடைக்கப்போகிற நேரத்தில் நாத்தனார் வந்து "உங்க ஆராய்ச்சி தப்பு" என்றால் உலகம் என்ன சொல்லும்? விஞ்ஞானம் என்றா சொல்லும்? இதில் வேடிக்கை, அவளுடைய அம்மாவே அந்த உலகத்தில் முதல் ஆள். அந்த அம்மாவுக்கு மருமகள் என்றால் உயிர். மருமகளுக்குத் தலைவலி என்றால் மகள்தான் தைலம் தேடி ஓட வேண்டும்.

அப்படியே நாட்கள் போயின. நாத்தனார் சாப்பிட்டாள், தூங்கினாள், அண்ணியோடு ஒரே குடையில் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, துணி அலமாரியின் கதவில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் மேல் படங்களைக் காட்டி அண்ணி பேசினாள். அண்ணன் நேரம் பார்த்தான். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அந்த நிலாவுல மனுஷங்க இருக்காங்களா?" என்று நடுவில் கேட்டாள்.

"இல்ல அத்தை. வெறும் தூசுதான்."

"யாரும் இல்லாத இடத்துல தூசு தட்டறதுக்கு நீ எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படறே?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் படம் வந்தது. மேலே வெளிச்சக் குழாயின் மேடு, கீழே இருட்டுக் குழாயின் வெறும் கோடு. "பாருங்க, டார்க்ல ஒண்ணுமே இல்ல" என்று அண்ணி குச்சியால் காட்டினாள். அந்த வெறும் கோட்டைக் காட்டும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவு நாத்தனாரை என்னவோ செய்தது. பேச்சு முடிந்ததும் அண்ணி நேராக அவளைப் பார்த்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ சொல்லு. எங்கயாவது ஓட்டை இருக்கா? இரக்கமே இல்லாம கேளு."

நாத்தனார் வாயைத் திறந்தாள். "ஒண்ணும் இல்ல அண்ணி. பிரமாதம்" என்றாள். அம்மா கை தட்டினாள். அண்ணன் தட்டினான். அவளும் தட்டினாள்.

மறுநாள் காலை மாடியில் துணி காயப் போடும்போது அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அண்ணி ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இவள் மறுமுனையை. போர்வை நடுவில் இருந்ததால் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பழுதான குளிர் அறை, விளக்குப் பெட்டி, மேடு, மறுபடி மேடு.

அண்ணி தன் பக்கத்து முனையைக் கயிற்றில் போட்டாள்.

"குழாயைக் கழுவியிருக்க மாட்டே" என்றாள்.

"கழுவினேன் அண்ணி. ரெண்டு தடவை."

"உன் கழுவலைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு குழாயையாவது முழுசா வெச்சிருக்கியா நீ? அவசரம் அவசரமா அலம்பி வெச்சுட்டு, அதுல வந்த அழுக்கை எம்மேல பூசறியா?"

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காலங்காத்தால பாத்திரம் கழுவறதுக்கு என்னடி சண்டை? வெச்சிருங்க, நான் பாத்துக்கறேன்."

அண்ணி போர்வையை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அது பாதி கயிற்றிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. நாத்தனார் அதை மறுபடி அலசினாள்.

அன்றைக்கு இருவரும் தனித்தனியாக ஆய்வகம் போனார்கள். அண்ணி தன் அறைக்குப் போகவில்லை. பூட்டி வைத்திருந்த புதுக் குழாய்களை எடுத்தாள். தானே கழுவினாள், தானே உலையில் சுட்டாள், தானே தூசை நிறுத்துக் கரைத்தாள். ஒரு குழாய் வெளிச்சத்துக்கு. ஒன்று தாளில் சுற்றிப் பழுது நீங்கிவிட்ட குளிர் அறைக்கு. மூன்றாவதைத் தாளில் சுற்றி, விளக்குப் பெட்டிக்குள், வெளிச்சக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நாத்தனார் உதவிக்குக் கையை நீட்டினால், "தொடாதே" என்ற ஒரு சொல்தான் வந்தது. சாப்பாட்டு ராமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "நான் எதையும் பிரிக்கல" என்றான்.

விளக்கு எரிந்த நாட்களில் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று அண்ணனுக்கு மட்டும் அண்ணி சொல்லியிருந்தாள். அவன் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். ஒரு சாயங்காலம் தங்கையும் கேட்கும்படியே மனைவியிடம் சொன்னான்: "இன்டர்வியூ முடியட்டுமே. அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யார் கேக்கப் போறாங்க? இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே." அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனைவி ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தக் கடிதம் வருமா என்று தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதைப் பார்த்தவன் அவன். அண்ணி சட்டைகளை மடித்து வைத்தாள்.

முடிவு தெரிகிற நாளில் அண்ணி இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். நாத்தனார் கதவோரம் நின்றாள். வெளிச்சக் குழாயில் மேடு. குளிரில் கிடந்த இருட்டுக் குழாயில் வெறும் கோடு. கதகதப்பில் நின்ற இருட்டுக் குழாய்க்குக் கோடு ஊர்ந்து வந்தது, அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்தது, எழுந்துகொண்டே போயிற்று. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"ராமன் அன்னைக்குப் பிரிச்சிருக்கலைன்னா டார்க் எல்லாம் மேசை மேலயே இருந்திருக்கும்" என்றாள். "அப்பவும் தப்பாத்தான் இருந்திருக்கும். ஆனா கொஞ்சம் கம்மியா. அறைச் சூட்டுல கொஞ்சமாவது மேடு எழுந்திருக்கும், நான் யோசிச்சிருப்பேன்."

நாத்தனாருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "மன்னிச்சுக்கங்க அண்ணி."

"எதுக்கு? தப்பு என்னோடது. கண்டுபிடிச்சதுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?" அண்ணி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் உண்மையான கோபம் இருந்தது. "அன்னைக்கு நான் உன்னைக் கேட்டேன். எல்லாரையும் விட்டுட்டு உன்னைத்தான் கேட்டேன். நீ பிரமாதம்னு சொல்லிக் கை தட்டினே. நான் தப்பு பண்ணிட்டு நிக்கறப்ப, தெரிஞ்சே கை தட்டினே பாரு, அது என்னால தாங்க முடியல."

"பயமா இருந்துது."

"எதுக்கு?"

"நான் நாத்தனார் இல்லையா. பொறாமைல சொல்றேன்னு நெனைச்சிட்டா?"

அண்ணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள். மாடியில் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வு நாள் வரை அவள் அதிகம் பேசவில்லை. என்ன பேசப்போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. கணினியில் படங்களை மாற்றினாள், நீக்கினாள், மறுபடி சேர்த்தாள். யாராவது பக்கத்தில் வந்தால் திரையை மூடினாள்.

தேர்வு, துறையின் பெரிய வகுப்பறையில். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்பது அங்கே முறை. நாத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் தேர்வுக் குழு, நடுவில் தலைவர், வலது ஓரத்தில் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரியவர். அண்ணி நன்றாகப் பேசினாள். குரல் தடுமாறவில்லை. எஃகுக் கலம், பழுப்புத் தூசு, தண்ணீர், விளக்கு. பிறகு அந்தப் படம். மேலே மேடு, கீழே வெறும் கோடு. பழைய படமேதான்.

அண்ணி கோட்டைக் காட்டினாள், அடுத்த படத்துக்குப் போனாள், பேச்சை முடித்தாள். அவள் மேல் குற்றம் சொல்ல நாத்தனாருக்கு வாய் வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்தாள். குழு கேள்வி கேட்டது. விளக்கின் அலைநீளம் என்ன, தூசின் கலவை என்ன, வகுப்பில் என்ன பாடம் எடுப்பீர்கள். ஒன்றுக்கும் திணறாமல் பதில் சொன்னாள். தலைவர் மற்றவர்களைப் பார்த்தார், எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். "வேறு கேள்வி இல்லை. நன்றி" என்றார் அவர்.

அண்ணி மேடையை விட்டு இறங்கவில்லை.

"சார், ஒரு கேள்வியை யாரும் கேக்கல" என்றாள். "நானே கேட்டுக்கறேன். டார்க் ட்யூப் எங்க இருந்துது?"

தலைவருக்குப் புரியவில்லை. அண்ணி அடுத்த படத்தைப் போட்டாள். மூன்று கோடுகள். வெளிச்சத்தில் மேடு, குளிர்ந்த இருட்டில் ஒன்றுமில்லை, கதகதப்பான இருட்டில் எல்லாவற்றையும் விட உயர்ந்த மேடு. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "என் பேப்பர்ல வெளிச்சம்தான் உண்டாக்குதுன்னு எழுதியிருக்கேன். அது தப்பு. வெந்நீர்தான் உண்டாக்குது. வெளிச்சம் உண்டானதை உடைக்குது. இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. என் நாத்தனார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஓரத்தில் கண்ணை மூடியிருந்த பெரியவர் மட்டும் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா வெயிலே படாத இடத்துலயும் இது உண்டாகுமா? பனிக்கட்டிக்கு அடியில, சூடான தண்ணி இருந்தா?"

"உண்டாகணும் சார். அங்க உடைக்கறதுக்கு வெளிச்சமும் இல்ல. அதனால சேர்ந்துக்கிட்டே போகணும்."

பெரியவர் ஒரு காகிதத்தை எடுத்தார். அதன் பிறகு அவர்கள் இருவரும் குழுவையும் மறந்து, நேரத்தையும் மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இரண்டு முறை இருமிப் பார்த்தார்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னதற்காகக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் குழுக்கள் அப்படி நடப்பதில்லை. தன்னுடைய முக்கியமான கட்டுரையே தப்பு என்று நின்றவளை எடுத்தால் மேலே கேட்பார்களே என்று பயந்திருப்பார்கள். வேலை கிடைத்தவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அது இன்னும் கஷ்டம், திட்டவும் வழியில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா ஆடித் தீர்த்தாள். அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அதை நோண்டாம இருக்க முடியலையா? கடைசில நாத்தனார் புத்தியைக் காட்டிட்டியே!" என்று கத்தினாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். வரும் என்று தெரிந்த அடிதான், ஆனாலும் பெற்றவள் கையால் வாங்கும்போது வலித்தது.

அண்ணி குறுக்கே வந்தாள். "அத்தை, அவமேல கோவப்படற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு. அதுல நான் யாருக்கும் பங்கு தர மாட்டேன்."

இவர்களுடைய விஞ்ஞானத்தில் அம்மாவுக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு எடுத்து வைக்க எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் அண்ணி கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுத வேண்டும். காலையிலிருந்து திரை வெள்ளையாகவே இருந்தது. நாத்தனார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். அவள் வந்ததும் அண்ணி தட்ட ஆரம்பித்தாள். ஒரு வரி வந்தது. "இருட்டுக் குழாய்களைக் குளிரில் வைத்தது என் தவறு."

நாத்தனார் குனிந்து, கேட்காமலே, "என்" என்பதை அழித்துவிட்டு "எங்கள்" என்று தட்டினாள். "நானும் இத்தனை வருஷமா அங்கதானே வெச்சேன் அண்ணி."

அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத் தேர்வு அறையில் கலங்காத கண் இப்போது நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்காமலே விரலை நகர்த்தி, "எங்கள்" என்பதை அழித்து மறுபடி "என்" என்று தட்டினாள்.

"இந்தப் பேப்பர் எழுதறப்ப நீ இந்த லேபுக்கே வரல. ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யை எழுதச் சொல்றியா?"

"இல்ல, நான் வந்து..."

"பேசாதே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு பக்கத்துல உக்காரு. தப்பா எழுதினா அந்த வரியிலயே சொல்லணும். பிரமாதம்னு மட்டும் சொல்லிடாதே."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது வரியிலேயே ஒரு தப்பு இருந்தது. "அண்ணி, இது தப்பு" என்றாள்.